வலம் வந்தால் கழலும் நட்டு: ஒரு பழைய ஜீப்பின் இடது பின்சக்கரம்

பர்மாவின் மோல்மேனில் ஆடி மாதம் என்றால் மழை என்று அர்த்தம். ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 4,800 மில்லிமீட்டர் கொட்டுகிற ஊர். அதில் பெரும்பங்கு ஜூனுக்கும் செப்டம்பருக்கும் இடையில் வந்துவிடும். மழைக்காலத்தில் ரப்பர் பால்வெட்டு நின்றுபோகும். முடோன், தன்பியூசயாட் பக்கத்துத் தோட்ட வண்டிகள் எல்லாம் கொட்டகையில் படுத்துவிடும். படுத்த வண்டிக்குத்தானே வைத்தியம் பார்க்க முடியும்? எங்கள் பட்டறைக்கு வேலை கூடுவது அப்போதுதான்.

இந்த ஜீப்பும் அப்படி வந்த வண்டிதான். இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜீப். வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளியவற்றில் ஒன்று. இதன் போல்ட்டுத் தலைகள் சிலவற்றில் ஃபோர்டு நிறுவனத்தின் எஃப் எழுத்து இன்னும் தெரிகிறது. எஞ்சினை எப்போதோ ஜப்பான் டீசலுக்கு மாற்றிவிட்டார்கள். சட்டகம், அச்சு, சக்கரம் மட்டும் பழசு. உடைமையாளர் முடோன் பக்கம் சின்ன ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் தமிழ்ப் பெரியவர். அவருடைய அப்பா ஓட்டிய வண்டி. விற்கமாட்டார், மாற்றமாட்டார், சரியாகக் கவனிக்கவும் மாட்டார்.

நடந்தது இதுதான். நான்கு சக்கரத்துக்கும் புது டயர் போட ஒரு டயர் கடைக்கு வண்டியைக் கொண்டுபோயிருக்கிறார். வலது பக்கம் இரண்டு சக்கரமும் சுலபமாகக் கழன்றுவிட்டன. இடது பின்சக்கரத்தில் கடைப் பையன் ஏர் கன்னை, அதாவது காற்றழுத்தத்தில் நட்டைச் சுழற்றும் கருவியை, வைத்தான். முதல் ஸ்டட் (நட்டு ஏறும் மரைக்கம்பி) முறிந்தது. துரு என்று நினைத்து அடுத்ததில் வைத்தான். அதுவும் முறிந்தது. மூன்றாவதில் நட்டின் முனைகள் வழுக்கி உருண்டுவிட்டன. அதற்குள் பெரியவர் போட்ட சத்தத்தில் பையன் கன்னைக் கீழே வைத்துவிட்டான். அப்புறம்தான் எனக்கு போன் வந்தது.

"தம்பி, நீ உடனே வா. இவன் என் சக்கரத்தையே அறுத்துப்புடுவான் போல."

நான் போனபோது பையன் அடுத்த யோசனையில் இருந்தான். சக்கரத்தின் வெளிவட்டத்தில் எட்டு நட்டுகள் இருக்கின்றனவே, அவற்றைக் கழற்றினால் டயராவது தனியே வந்துவிடாதா என்று கேட்டான். ஒரு நிமிடம் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. இது போர்க்காலத்து இரட்டை வளையச் சக்கரம். இரண்டு பாதிகளைச் சேர்த்துப் பிடிப்பவைதான் அந்த எட்டு நட்டுகள். டயரில் காற்று இருக்கும்போது அவற்றைக் கழற்றினால் வளையம் பிளந்து முகத்துக்கு வரும். பழைய ஜீப்பில் கை வைக்கிற எவரும் மற்ற எதையும் தெரிந்துகொள்வதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: நடுவில் உள்ள ஐந்து நட்டு சக்கரத்தை அச்சோடு பிடிப்பது, வெளிவட்டத்தில் உள்ள எட்டு நட்டு வளையத்தைப் பிடிப்பது. காற்றை முழுக்க இறக்காமல் எட்டின் பக்கம் போகவே கூடாது. வால்வு ஊசியை அங்கேயே பிடுங்கிக் காற்றை இறக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தேன்.

இப்போது என் பங்குத் தவறு. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், சாயா வந்துவிட்டார் என்று பையன் ஒதுங்கி நிற்கிறான். (இங்கே பட்டறைக்காரனையும் வாத்தியாரையும் ஒரே சொல்லால்தான் கூப்பிடுவார்கள், அந்த மரியாதை சில நேரம் ஆளைக் கெடுக்கும்.) நானும் யோசிக்காமல் நான்காவது நட்டில் ஸ்பேனரை மாட்டி, ஒரு குழாயைச் சொருகி, வழக்கம்போல இடது பக்கமாக ஒரு இழுப்பு இழுத்தேன். நட்டு அசையவில்லை. குழாய் வளைந்தது. இன்னொரு இழுப்புக்குக் காலை ஊன்றும்போதுதான் கண்ணில் பட்டது, உருண்டுபோன நட்டின் மேல் தெரிந்த ஒரு பளபளப்பு.

கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டிய இடம் இது. ஐந்து ஸ்டட்டின் மேலும் பழைய பச்சைப் பெயிண்ட் தடிமனாக அப்பியிருந்தது. நட்டும் ஸ்டட்டும் சேரும் இடத்தில் பெயிண்ட் ஒரு தோல் மாதிரி மூடியிருக்கும். நட்டு திரும்பினால் அந்தத் தோல் கிழியும். நட்டு கழலும் பக்கம் திரும்பியிருந்தால், ஸ்டட்டின் பெயிண்ட் படிந்த வெளிமுனை நட்டுக்குள்ளே போயிருக்க வேண்டும். இங்கே நடந்தது தலைகீழ். நட்டு முகப்புக்கு வெளியே, பெயிண்டுக்குக் கீழே, துருவும் பெயிண்டும் படாத பளிச்சென்ற மரை அரைப் புரி அளவுக்குப் புதிதாக வெளியே வந்திருந்தது. அப்படியானால் நட்டு உள்ளே போயிருக்கிறது. ஏர் கன் கழற்றவில்லை, முடுக்கியிருக்கிறது.

முறிந்த இரண்டு துண்டுகளையும் தரையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். முறிவு முகம் தட்டையாக, நடுவை நோக்கிச் சுழித்த கோடுகளோடு, முழுக்க வெள்ளியாகப் பளபளத்தது. பழைய விரிசல் இருந்திருந்தால் ஒரு பக்கம் பழுப்பேறி இருக்கும். அப்படி இல்லை. நல்ல ஸ்டட் முறுக்கு தாங்காமல் அறுந்திருக்கிறது, அவ்வளவுதான். துருவின் மேல் பழி போட இடமே இல்லை.

கம்பி பிரஷ் எடுத்து ஐந்தாவது ஸ்டட்டின் முனையைத் தேய்த்தேன். பெயிண்ட் போய், துரு போய், கடைசியில் மங்கலாக ஒரு ஆங்கில எல் எழுத்து எழுந்து வந்தது. லெஃப்ட் மரை.

சங்கில் வலம்புரி அபூர்வம். மரையில் இடம்புரி அபூர்வம். நம் கைக்கு வரும் நட்டு போல்ட்டுகளில் ஏறக்குறைய எல்லாமே வலது மரை. இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். ஆனால் அந்தக் காலத்து வில்லிஸ், ஃபோர்டு ஜீப்புகளில் இடது பக்கச் சக்கரங்களுக்கு மட்டும் இடது மரை. கோயிலைச் சுற்றுவது போல வலம் வந்தால்தான் அந்த நட்டு கழலும். எனக்கு இது தெரியாத விஷயம் இல்லை. என் கைக்கு வந்த ஜீப்புகளில் யாரோ எப்போதோ எல்லாவற்றையும் வலது மரைக்கு மாற்றியிருந்தார்கள். ஆகவே தெரிந்தது மறந்துபோயிருந்தது. பையனுக்கோ தெரிய வழியே இல்லை. அவன் நாள் முழுக்கக் கழற்றிப் போடுவது ஜப்பான் கார்கள். அவற்றில் இரண்டு பக்கமும் ஒரே மரை.

அவனைத் திட்டுவதில் பயனில்லை. இந்தக் கடைக்கு வருவதற்கு முன் அவன் சைக்கா (பக்கத்தில் இருக்கை வைத்த சைக்கிள் ரிக்‌ஷா) பழுது பார்த்துக்கொண்டிருந்தவன் என்று பெரியவர் சொன்னார். ஆகவே பர்மிய மொழியில் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"சைக்கிள்ல இடது பெடலை எந்தப் பக்கம் திருப்பிக் கழட்டுவே?"

"அது எதிர்ப் பக்கம், சாயா. அது எல்லாருக்கும் தெரியுமே..." என்றவன் சக்கரத்தைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பெடலுக்கும் சக்கரத்துக்கும் காரணம் ஒன்றுதான். ஓட்டைக்கும் அதில் உட்காரும் பாகத்துக்கும் இடையில் மயிரிழை இடைவெளி இருந்தால், சுமை சுற்றிச்சுற்றி அழுத்தும்போது உள்ளே இருப்பது மிக மெதுவாக உருண்டு நகரும். வண்டியின் இடது பக்கம் நின்று பார்த்தால், முன்னே போகும் சக்கரம் இடஞ்சுழியாகச் சுற்றும். நட்டும் அதே போக்கில் நகரப் பார்க்கும். வலது மரை நட்டு அந்தப் போக்கில் தளரும், இடது மரை நட்டு இறுகும். இதனால்தான் அந்த ஏற்பாடு. கூம்பு வடிவ நட்டை ஒழுங்காக முடுக்கினால் அது நகராது என்று பிற்பாடு தெளிந்ததும் கார் செய்பவர்கள் இந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள். பெடலில் இன்றுவரை நிற்கிறது.

பர்மியர்கள் திருகாணியை வெட்-ஊ என்பார்கள். பன்றிக் குடல் என்று பொருள். குடல் எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று பார்க்காமல் இழுத்தால் அறுந்துதான் போகும் என்று என் உதவியாள் சொல்லிச் சிரித்தான். தமிழில் மரை கழண்டவன் என்று யாரைச் சொல்வோம் என்பதையும் அவனுக்கு விளக்கினேன். அன்றைக்கு அந்தப் பட்டத்துக்கு இரண்டு பேர் இருந்தோம்.

மீதம் இருந்த மூன்று நட்டோடு ஆள் நடக்கும் வேகத்தில் வண்டியைப் பட்டறைக்கு இழுத்து வந்தோம். காற்றை மறுபடி கொஞ்சம் ஏற்ற வேண்டியிருந்தது. நல்ல வழக்கம் இல்லைதான். தெருவில் மழை ஆரம்பித்துவிட்டது, வேறு வழி இல்லை. வந்ததும் மறுபடி காற்றை இறக்கினேன்.

கழற்றிய விதம்

வால்விலிருந்து வலப்புறமாக எண்ணி ஒவ்வொரு ஸ்டட்டுக்கும் சாக்பீஸால் எண் போட்டேன். ஒன்றும் மூன்றும் முறிந்தவை. இரண்டு உருண்டது, கன்னால் கண்டபடி இறுகியது. நான்கு, நான் தப்பான பக்கம் இழுத்துப் பார்த்தது. ஐந்து, பையன் கை ஸ்பேனரால் தொட்டுப் பார்த்ததோடு சரி.

முதலில் ஊறல். தானியங்கி கியர் எண்ணெயும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி. இரண்டும் ஒன்றோடொன்று கலந்து நிற்காது. ஒவ்வொரு முறையும் குலுக்கிவிட்டுத்தான் விட வேண்டும். அசிட்டோன் பெட்ரோல் மாதிரி பற்றும், ஆகவே அன்று முழுவதும் பட்டறையின் அந்தப் பக்கம் பீடிகூட இல்லை. பெயிண்டைச் சுரண்டாமல் எண்ணெய் விடுவது தார்ப்பாய்க்கு மேல் தண்ணீர் ஊற்றுவது போல. நட்டின் வெளிமுகத்திலும், நட்டு வளையத்தில் உட்காரும் கூம்பு ஓரத்திலும் கம்பி பிரஷால் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்துவிட்டு, காலை, மதியம், இரவு என்று இரண்டு நாள் விட்டோம். ஒவ்வொரு முறையும் சின்னச் சுத்தியால் நட்டின் பக்கங்களில் தட்டல். தட்டினால்தான் துருவில் வெடிப்பு விழுந்து எண்ணெய்க்கு வழி கிடைக்கும்.

காஸ் வைத்துச் சூடேற்றினால் என்ன என்று உதவியாள் கேட்டான். நியாயமான கேள்வி. நட்டைச் சூடாக்கி, சூட்டோடு மெழுகுவத்தியைத் தொட்டு மெழுகை மரைக்குள் உறிஞ்சவிடுவது எனக்கு மிகவும் பிடித்த வைத்தியம். பயாவுக்கு (புத்தர் கோயிலுக்கு) ஏற்றுகிற மெழுகுவத்தி இந்த ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்கும். அரை அங்குல நட்டை 300 டிகிரி ஏற்றினால் அதன் ஓட்டை சுமார் 0.045 மில்லிமீட்டர் விரியும். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் துருவின் பிடியை விடுவிக்க அது தாராளம். உருண்ட நட்டின் மேல் பெரிய நட்டு ஒன்றை வெல்டு வைப்பது இன்னும் நல்லது. பிடியும் கிடைக்கும், சூடும் கிடைக்கும்.

ஆனால் டயர் மாட்டிய சக்கரத்தில் இவை இரண்டுமே கூடாது. வளையம் சூடேறினால் டயரின் உட்பக்க ரப்பர் வெந்து எரிவாயு கிளம்பும். வெளியே எதுவும் தெரியாமல், சில நேரம் சூடாக்கி முடித்து வெகுநேரம் கழித்துக்கூட வெடிக்கும். வால்வு ஊசியைப் பிடுங்கியிருந்தாலும் முழு நம்பிக்கை வைக்க முடியாது. ஆகவே நெருப்பு வேண்டாம் என்று முடிவு செய்தேன். அதனால் இரண்டு நாள் வேலை நான்கு நாளானது. இப்போது கேட்டாலும் அதையேதான் செய்வேன்.

மூன்றாம் நாள் காலை, சக்கரம் தரையில் நிற்க, கைபிரேக் போட்டு, ஐந்தாவதில் ஆரம்பித்தேன். அந்த நட்டு முக்கால் அங்குலம், அதாவது 19.05 மில்லிமீட்டர். ஜப்பான் 19 சாக்கெட் இதில் நன்றாகவே உட்காரும். அளவு இங்கே குற்றவாளி இல்லை. பையனுடைய சாக்கெட்டைப் பிறகு வாங்கிப் பார்த்தேன்: பன்னிரண்டு முனை, உள்ளே தேய்ந்து வாய் விரிந்தது. பன்னிரண்டு முனை சாக்கெட் நட்டின் மூலையை மட்டும் கடிக்கும். ஆறு முனை சாக்கெட் பக்கத்தை அழுத்தும். இறுகின நட்டுக்கு ஆறு முனைதான். வேறு எதில் சிக்கனம் பார்த்தாலும் இதில் பார்க்கக் கூடாது.

நீளக் கைப்பிடி, ஆறு முனை சாக்கெட், வலப்பக்கமாக ஒரே சீரான அழுத்தம். "டக்" என்று துப்பாக்கி மாதிரி ஒரு சத்தம். ஸ்டட் போய்விட்டது என்றே நினைத்தேன். இல்லை, நட்டுதான் விட்டது. ஒரேயடியாகச் சுழற்றாமல் கால் சுற்று வெளியே, அரைக்கால் உள்ளே, எண்ணெய், மறுபடி கால் சுற்று என்று கழற்றினோம். அறிவுக்குத் தெரிந்தாலும் மனம் கேட்கவில்லை; வலப்பக்கம் திருப்பும் ஒவ்வொரு முறையும் முடுக்குகிறோமோ என்று ஒரு பயம்.

நான்காவது மசியவில்லை. இரட்டைச் சுத்தியல் வைத்தோம்: நட்டின் ஒரு பக்கத்தில் கனமான சுத்தியல் தலையை உதவியாள் அணைத்துப் பிடிக்க, எதிர்ப்பக்கத்தில் நான் அடித்தேன். இப்படி அடித்தால் ஸ்டட் வளையாது, அடி முழுக்க நட்டின் உடம்புக்குப் போகும். ஆறு பக்கமும் சுற்றி வந்த பிறகு கைப்பிடிக்கு இணங்கியது.

இரண்டாவதுதான் படுத்தியது. முனைகள் உருண்டு, வட்டத்துக்குப் பக்கத்தில் வந்திருந்தது. அரம் எடுத்து ஆறு பக்கத்தையும் அரை அரை மில்லிமீட்டர் ராவி, 18 மில்லிமீட்டர் ஆறு முனை சாக்கெட்டைச் சுத்தியால் அடித்து ஏற்றினேன். ஒரு மணி நேர வேலை. அரம் முழுசாகப் போக இடம் இல்லாததால் உட்பக்கம் சரியாகத் தேயவில்லை. சாக்கெட் உட்கார்ந்தது மாதிரி உட்கார்ந்தது. அழுத்தம் கொடுத்ததும் வழுக்கியது. இரண்டாம் முறையும் வழுக்கியது. மூன்றாம் முறை முயல்வதில் அர்த்தமில்லை. நட்டைக் காப்பாற்றும் ஆசையை அங்கே விட்டேன்.

அப்புறம் பிளப்பதுதான். நட்டின் சுவர் பக்கத்தில் மூன்று மில்லிமீட்டர் சொச்சம், மூலையில் முனை உருளும் முன் நாலரைக்கு மேல் இருந்தது. மூலை மிச்சமிருந்த ஒரு இடத்தில் புள்ளி குத்தி, ஸ்டட்டுக்கு இணையாக 3 மில்லிமீட்டர் டிரில்லால் நட்டின் நீளம் முழுக்க ஒரு துளை, அதற்கு நேர் எதிரே இன்னொரு துளை. முதல் துளையின் பாதியில் மின்சாரம் போனது. இந்த ஊர்க்காரர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. மாலையில் வந்தது, முடித்தேன். துளைமேல் கூர்மையான உளியை வைத்து இரண்டு அடி. நட்டு வாயைத் திறந்தது. விரலாலேயே எடுத்தேன். ஸ்டட் மரையில் உளி லேசாகத் தொட்டிருந்தது. எப்படியும் மாற்றப் போகிற ஸ்டட்தான்.

ஹப்பில் நான் செய்த தவறு

சக்கரம் வந்தது. டிரம்மைத் தண்ணீரால் நனைத்துவிட்டுத்தான் தொட்டோம். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும்; காற்றடித்து ஊதினால் பட்டறை முழுக்க அதைத்தான் மூச்சு விட வேண்டிவரும். இந்த ஜீப்பின் பின் அச்சு முழு மிதவை வகை. பாரத்தை ஹப்பு (சக்கரம் மாட்டும் நடுக்குடம்) தாங்கும், அச்சுத்தண்டு சுழற்ற மட்டும். ஆறு போல்ட்டைக் கழற்றித் தண்டை உருவி, பேரிங் நட்டுகளையும் கழற்றினால் ஹப்பும் டிரம்மும் ஒன்றாக வெளியே வரும். அதுவரை சுகம்.

முறிந்த ஸ்டட் துண்டுகளைப் பிரஸ்ஸில் வைத்து அழுத்தித் தள்ள வேண்டும். சீக்கிரம் முடிக்கும் அவசரத்தில் முதல் துண்டை அப்படியே வைத்து அழுத்தினேன். வந்தது, ஆனால் கூடவே ஹப்பு ஓட்டையையும் அகட்டிக்கொண்டு வந்தது. காரணம் பிறகு புரிந்தது. இந்த வண்டிகளில் ஸ்டட் வெறுமனே நெருக்கி ஏற்றியதல்ல. ஏற்றிய பிறகு அதன் தோளை ரிவிட் மாதிரி நசுக்கி, டிரம்மையும் ஹப்பையும் சேர்த்துப் பூட்டியிருக்கிறார்கள். நசுங்கிய அந்த உதட்டை முதலில் வெட்டிவிட வேண்டும். வெட்டாமல் தள்ளினால் அந்த உதடு முழுவதும் ஓட்டை வழியாகவே கிழித்துக்கொண்டு வெளியே வரும். இரண்டாவது துண்டில் வட்ட ரம்பத்தால் ஸ்டட்டைச் சுற்றி உதட்டை வெட்டிவிட்டு அழுத்தினேன். சத்தமில்லாமல் விழுந்தது.

அகண்ட ஓட்டையில் புது ஸ்டட் போட்டால் ஆடும். பின்னால் வெல்டு வைத்து நிறுத்தலாம் என்று லேத்துக்காரர் சொன்னார், செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஐந்து ஆள் உட்காரும் வண்டியின் சக்கரத்தை நான் அந்த வெல்டில் தொங்கவிடமாட்டேன். ஹப்பு போனது என் கையால். ஆகவே அதன் விலையைப் பெரியவர் கணக்கில் எழுதவில்லை.

இதற்குள் எனக்கு ஒரு யோசனை. இடது பக்கம் இரண்டு ஹப்பையும் வலது மரைக்கு மாற்றிவிட்டால் இந்தத் தலைவலியே இனி வராது. பெரியவரிடம் சொன்னேன்.

"எங்கப்பா இதே நட்டைத்தான் கழட்டினாரு, முடுக்கினாரு. அவருக்குத் தெரிஞ்சது. உனக்கும் இப்பத் தெரிஞ்சுபோச்சு. அப்புறம் எதுக்கு மாத்தணும்?"

வாதத்துக்கு நிற்கிற பேச்சு இல்லைதான். ஆனாலும் ஒரு பக்கம் நியாயம் அவரிடம் இருந்தது. நல்ல நிலையில் இருக்கும் முன் ஹப்பின் ஐந்து ஸ்டட்டையும் வெட்டித் தள்ளுவது அனாவசிய ஆபத்து. பின்னால் மட்டும் மாற்றினாலோ ஒரே பக்கத்தில் இரண்டு விதமான மரை. அது எல்லாவற்றையும்விட மோசம். தன்பியூசயாட் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் செத்த ஜீப்பின் இடது ஹப்பு கிடைத்தது; ஐந்து இடது மரை ஸ்டட்டும், நட்டுகளும் அப்படியே இருந்தன.

துருப்பிடித்த அந்த மரைகளைச் சுத்தம் செய்ய இடது மரை டை (மரை வெட்டும் கருவி) இங்கே யாரிடமும் இல்லை. பழைய நட்டு ஒன்றை எடுத்து, உள்மரையின் குறுக்கே ஆக்ஸா பிளேடால் மூன்று பள்ளம் வெட்டினேன். பள்ளத்தின் விளிம்பு கத்தியாக வேலை செய்யும். எண்ணெய் விட்டு, ஸ்டட்டில் ஏற்றி இறக்கினால் துருவைச் சுரண்டிக்கொண்டு வரும். புது மரை வெட்ட உதவாது. இருக்கும் மரையைக் கழுவ இதைவிட நல்ல கருவி வேண்டியதில்லை.

துரு ஏன் இந்தச் சக்கரத்தில் மட்டும்

ஸ்டட் முறிந்ததற்குத் துரு காரணமில்லை என்றேன். ஆனால் சரியான பக்கம் திருப்பியும் இவ்வளவு பாடு பட்டதற்குத் துருதான் காரணம். இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருமனாகிறது; மரையின் இடுக்கில் அது ஆப்பு வைத்த மாதிரி உட்காரும். கடற்காற்றும் மழையும் நான்கு சக்கரத்துக்கும் பொது. அப்படியிருக்க, வலது பக்கம் சுலபமாகக் கழன்று, இடது பின்பக்கம் மட்டும் ஏன் இப்படி?

பெரியவரோடு தோட்டத்துக்குப் போனபோது விடை கிடைத்தது. ரப்பர் பாலை உறைய வைக்க ஃபார்மிக் அமிலம் ஊற்றுவார்கள். உறைந்த தகட்டைப் பிழிந்து, சொட்டச் சொட்ட ஜீப்பின் பின்னால் அடுக்கிப் புகைக்கூடத்துக்கு ஏற்றிப் போகிறார். பின்தட்டின் இடது மூலையில் ஒரு ஓட்டை. அமிலம் கலந்த தண்ணீர் வருடக்கணக்காக அந்த ஓட்டை வழியாக நேராகச் சக்கரத்தின் மேல். பெயிண்ட் அடித்தால் துரு நிற்கும் என்று மேலே மேலே பெயிண்ட் பூசியிருக்கிறார்; உள்ளே புகுந்த அமிலத்தை அது மூடி வைத்ததோடு, எல் எழுத்தையும் சேர்த்து மூடிவிட்டது. ஓட்டைக்கு ஒரு தகடு அடித்து, அடியில் தண்ணீர் வடிய ஒரு குழாய் வைத்துக் கொடுத்தேன்.

சக்கரத்தை மாட்டும்போது மரையில் துளி எண்ணெய் மட்டும். கூம்பு முகத்தில் ஒன்றும் இல்லை. அங்கே வழவழப்பு இருந்தால் அளவுக்கு மேல் முடுக்கிவிட நேரும். கையாலேயே ஐந்தையும் ஏற்றி, நட்சத்திர வரிசையில், அளவு ஸ்பேனரால் 90 நியூட்டன் மீட்டர். ஏர் கன் இல்லை. இடது பக்கம் இரண்டு ஹப்பிலும் ஸ்டட் முனைகளுக்குச் சிவப்புப் பெயிண்ட் தொட்டு, சக்கரத் தகட்டில் தமிழில் "எதிர் மரை" என்றும் அதையே கீழே பர்மிய எழுத்திலும் எழுதினேன். முடோன் வரை ஒரு நடை போய்த் திரும்பிய பிறகு மறுபடி ஸ்பேனர் வைத்துப் பார்த்ததில் இரண்டு நட்டு மட்டும் கொஞ்சம் இடம் கொடுத்தன. முடுக்கினேன், இடப்பக்கமாக.

டயர் கடைப் பையன் ஒரு வாரம் கழித்து வந்தான். தேய்ந்த பன்னிரண்டு முனை சாக்கெட்டைக் கடைக்காரர் தூக்கி எறிந்துவிட்டாராம். முறிந்த ஸ்டட் துண்டு ஒன்று கிடைக்குமா என்று கேட்டான். நட்டோடு சேர்ந்தே இருந்த ஒன்றாம் எண்ணைத் தேடிக் கொடுத்தேன். கையில் வைத்து இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே மழையில் நடந்து போனான்.